புது லென்ஸ் அறிவிப்பை எப்படிப் படிப்பது? விலையின் பாதி பெயரிலேயே இருக்கிறது

கேனான், சோனி, நிகான், சிக்மா என்று யார் புது லென்ஸ் அறிவித்தாலும், அன்று மாலைக்குள் நம் ஊர் போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பேச்சு வந்துவிடும். "இவ்வளவு விலையா? பகல் கொள்ளை" என்பது ஒன்று. "விலைக்கேத்த மாதிரி படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பது இன்னொன்று. அந்த லென்ஸ் என்ன செய்யும், யாருக்குத் தேவை என்பதை இரண்டுமே சொல்வதில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் புதிதாகக் கேமரா வாங்கிக் கல்யாண வேலைக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகள் பலர், இந்தப் பேச்சை நம்பித்தான் கடன் வாங்கி லென்ஸ் எடுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கேள்வியில் தொடங்கலாம். கேனான் 2018ல் அறிவித்த ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.2 எல் லென்ஸுக்கு அமெரிக்காவில் அறிமுக விலை 2,299 டாலர், எடை 950 கிராம். (ஆர்.எஃப். என்பது அது மாட்டும் கேனான் கேமரா வகையின் பெயர், எல் என்பது கேனானின் உயர்தர வரிசை.) அதே கேனான் 2020ல் அறிவித்த ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸுக்கு அறிமுக விலை சுமார் 200 டாலர், எடை 160 கிராம். இரண்டும் ஒரே கேமராவில் மாட்டும், இரண்டிலும் அதே 50. ஆனால் ஒன்றின் விலைக்கு மற்றதைப் பதினொன்று வாங்கலாம். அந்த 1.2க்கும் 1.8க்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது?

மி.மீ. சொல்வது எவ்வளவு அகலம் என்பதை மட்டும்

லென்ஸ் பெயரில் முதலில் வரும் எண் குவியத் தொலைவு. நம் பேச்சில் "எத்தனை எம்எம்" என்று கேட்பது இதைத்தான். தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது என்பதன் அளவு அது. படம் எடுப்பவருக்கு இதன் பலன் ஒன்றுதான்: காட்சியில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பதை இது தீர்மானிக்கிறது. கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் தகடு சென்சார். 36க்கு 24 மி.மீ. அளவுள்ள சென்சாரில், அதாவது ஃபுல் ஃபிரேம் கேமராவில், மூலைக்கு மூலை அளந்தால் 24 மி.மீ. லென்ஸ் 84 டிகிரி காட்டும். 50 மி.மீ. சுமார் 47 டிகிரி. 200 மி.மீ. வெறும் 12 டிகிரி.

எம்எம் கூடினால் லென்ஸ் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் வேலை செய்தவர்களுக்கு அது சரியில்லை என்று தெரியும். ஒரே நேரத்தில் பல கல்யாணங்கள், பின்னால் நகர ஒரு அடி இடம் கிடைக்காது. அங்கே உதவுவது 24 மி.மீ.தான். அதே ஆள் பிச்சாவரத்தில் படகில் போய்ச் சுரபுன்னைக் கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை எடுக்க நினைத்தால் 400, 600 மி.மீ. தேவை. வேலைக்குத் தக்க அகலம், அவ்வளவுதான்.

ஜூம், பிரைம் என்ற சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். 24-70 என்று இரண்டு எண் இருந்தால் ஜூம், அகலத்தை மாற்றிக்கொள்ளலாம். 50 என்று ஒரே எண் இருந்தால் பிரைம், மாற்ற முடியாது.

எஃப் எண்: தெருப் பக்கத்து ஜன்னல்

அடுத்து வரும் எஃப் எண்தான் விலையின் சாவி. அதிகமாகக் குழப்புவதும் அதுவே.

புதுச்சேரியின் பழைய தமிழ்த் தெரு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தை மறந்துவிடுங்கள். தெருப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல், உள்ளே நீளமான கூடம், கடைசியில் ஒரு சுவர். அந்தக் கடைசிச் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழும்? ஜன்னல் பெரிதாக இருந்தால் அதிகம் விழும். ஆனால் ஜன்னலின் அளவு மட்டும் போதாது. கூடம் நீண்டுகொண்டே போனால், அதே ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் கடைசிச் சுவரை அடைவதற்குள் பரவி மங்கிவிடும். கூடத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், சுவரில் பழைய வெளிச்சம் வேண்டுமானால் ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்க வேண்டும்.

லென்ஸில் ஜன்னல் என்பது ஒளி நுழையும் துளை. கடைகளில் அபெர்ச்சர் என்பார்கள். கூடத்தின் நீளம் குவியத் தொலைவு, கடைசிச் சுவர் சென்சார். நீளத்தை ஜன்னலின் அகலத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். அதனால்தான் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. அகலத் துளை. 50ஐ 1.2ஆல் வகுத்தால் சுமார் 42 மி.மீ. அகலம்.

அகலம் ஒன்றரை மடங்கு என்றால் பரப்பு ஒன்றரையின் வர்க்கம், அதாவது 2.25 மடங்கு. ஆக எஃப் 1.2 லென்ஸ், எஃப் 1.8 லென்ஸைப் போல இரண்டே கால் மடங்கு ஒளியைச் சென்சாருக்குக் கொடுக்கிறது. ஒளி சரியாக இரண்டு மடங்காவதற்கு ஒரு ஸ்டாப் என்று பெயர். எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி பாதியாகிறது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் லென்ஸ் அறிவிப்புகளில் பாதி புரிந்துவிடும்.

"என் போனிலேயே எஃப் 1.8 இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா லென்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். போனின் முக்கியக் கேமராவுக்கு உண்மையான குவியத் தொலைவு பெரும்பாலும் 6, 7 மி.மீ.க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதை 1.8ஆல் வகுத்தால் துளை 4 மி.மீ.கூட வராது. சின்னக் கூடம், சின்ன ஜன்னல். விகிதம் ஒன்று என்றாலும் உள்ளே வரும் மொத்த ஒளி வேறு, அது விழும் சென்சாரின் அளவும் வேறு.

பின்னணி மங்கலும் இந்தத் துளையின் உண்மையான அகலத்தைப் பொறுத்ததுதான். துளை அகலமானால், கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். இந்த ஆழத்தை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், எஃப் 1.2ல் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். எஃப் 1.8ல் 10 சென்டிமீட்டர். எஃப் 4ல் 20ஐத் தாண்டும். இதைக் கல்யாண மேடையில் வைத்து யோசியுங்கள். மாப்பிள்ளையின் தோள் பெண்ணைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தால் போதும், எஃப் 1.2ல் ஒருவர் கண் கூர்மையாகவும் மற்றவர் கண் மங்கலாகவும் வரும். தாலி கட்டும் நேரத்தில் அந்தத் துளையை யாரும் முழுதாகத் திறப்பதில்லை.

இதுவரை பார்த்தது: மி.மீ. என்பது காட்சியின் அகலம். எஃப் எண் சிறிதாக ஆக துளை பெரிதாகும், ஒளி கூடும், கூர்மையான ஆழம் குறையும். இனி விலை.

பெரிய துளைக்கு ஏன் இவ்வளவு காசு?

கண்ணாடி பெரிது, அதனால் விலை அதிகம் என்று சொல்லிவிடலாம். அது உண்மையின் சின்னப் பகுதிதான். 42 மி.மீ. கண்ணாடிக்கும் 28 மி.மீ. கண்ணாடிக்கும் 2,000 டாலர் வித்தியாசம் வராது. காசு போவது வேறிடத்தில்.

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை கோளத்தின் ஒரு துண்டைப் போன்ற வளைவு உள்ளவை. அரைத்து மெருகேற்ற எளிதான வடிவம் அதுதான். ஆனால் கோள வளைவுக்கு ஒரு குறை உண்டு. கண்ணாடியின் நடுவில் நுழையும் கதிரும் ஓரத்தில் நுழையும் கதிரும் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஓரக் கதிர் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடும். புள்ளியாக விழ வேண்டிய ஒளி சின்ன வட்டமாகப் பரவி, படம் பனி படர்ந்தது போல் இருக்கும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். பிறழ்ச்சி என்றால், ஒளி சேர வேண்டிய இடத்தில் சேராமல் விலகுவது.

விலையின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. துளையை அகலமாக்கினால் ஒளி அகலத்தின் இரண்டாம் அடுக்கில் கூடுகிறது என்று பார்த்தோம். கோளப் பிறழ்ச்சியால் வரும் மங்கல் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. எஃப் 1.8லிருந்து எஃப் 1.2க்கு வரும்போது ஒளி 2.25 மடங்கு, மற்றவை அப்படியே இருந்தால் பிழையோ சுமார் 3.4 மடங்கு. துளையை இரண்டு மடங்காக்கினால் ஒளி 4 மடங்கு, பிழை 8 மடங்கு. ஒவ்வொரு படி மேலே போகும்போதும் லாபத்தைவிடத் தொல்லை வேகமாக வளர்கிறது. அந்தத் தொல்லையைத் திருத்தும் செலவுதான் விலை.

திருத்துவது எப்படி? ஒரு கண்ணாடி செய்த பிழையை அடுத்த கண்ணாடி எதிர்த்திசையில் செய்து சரிக்கட்ட வேண்டும். அந்த 200 டாலர் லென்ஸில் இருப்பது 6 கண்ணாடிகள். 2,299 டாலர் லென்ஸில் 15. எடை 160 கிராமிலிருந்து 950 கிராமாக ஏறியதற்குக் காரணம் இதுதான். கண்ணாடிகள் கூடக் கூட, ஒவ்வொன்றையும் நேர்க்கோட்டில் நிறுத்துவதும் கடினம். ஒன்று இம்மியளவு சாய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். எண்ணிக்கையோடு நிற்காமல் இரண்டு தனி வகைக் கண்ணாடிகளும் சேர்கின்றன. கோள வளைவிலிருந்து வேண்டுமென்றே விலகிய வளைவுள்ள கண்ணாடி அஸ்பெரிக்கல்; கோளப் பிறழ்ச்சியை ஒரே அடியில் குறைக்கும், ஆனால் உருவாக்குவது கடினம். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி இ.டி. அல்லது யு.டி.; நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்.

நிறம் பிரிவதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. நண்பகல் வெயிலில் பட்டுப்புடவை ஜரிகையையோ கல் வைத்த நெற்றிச்சுட்டியையோ மலிவான பெரிய துளை லென்ஸில் முழுதாகத் திறந்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபளக்கும் ஓரங்களில் ஊதா கோடு ஓடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே இடத்தில் குவியாததால் வருவது அது. இரவில் மண்டப வாசல் சீரியல் விளக்குகளை எடுத்தால் இன்னொரு பிழையும் தெரியும். நடுவில் இருக்கும் விளக்குகள் புள்ளியாகவும், மூலையில் இருப்பவை இறக்கை முளைத்தது போலவும் வரும். அதற்குக் கோமா என்று பெயர். லென்ஸ் விமர்சகர்கள் விளக்குகளையும் நட்சத்திரங்களையும் எடுத்துக் காட்டுவது இதற்காகத்தான்.

சரி, துளையைக் குறைத்தால் என்ன ஆகும்? இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஓரக் கதிர்களால் வருபவை. எஃப் 8க்குத் துளையைச் சுருக்கினால் ஓரக் கதிர்கள் உள்ளேயே வராது, பிழையும் அவற்றோடு போய்விடும். காலை ஆறரை மணிக்கு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் எஃப் 8ல் சூரிய உதயம் எடுத்தால், அந்த 200 டாலர் லென்ஸின் படத்தையும் 2,299 டாலர் லென்ஸின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துச் சொல்வது மிகவும் கடினம். விலையுயர்ந்த லென்ஸ் தன் விலையை நிரூபிப்பது துளையை முழுதாகத் திறக்கும்போது. அங்கே வேலை செய்யாதவர் அந்த விலையைக் கொடுத்துப் பயனில்லை.

ஒரே நாளில் வந்த இரண்டு 600

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019 ஜூனில் சோனி ஒரே நாளில் அறிவித்த இரண்டு லென்ஸ்கள் நல்ல உதாரணம். ஒன்று 200-600 மி.மீ. எஃப் 5.6-6.3. மற்றது 600 மி.மீ. எஃப் 4. முதலாவதன் அறிமுக விலை சுமார் 2,000 டாலர், இரண்டாவது சுமார் 13,000 டாலர்.

எளிதாக யோசித்தால் ஜூம்தானே அதிகம் செய்கிறது? 200லிருந்து 600 வரை போகிறது, பிரைம் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள். 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95 மி.மீ. 600ஐ 4ஆல் வகுத்தால் 150 மி.மீ. ஒளி இரண்டரை மடங்கு, விலை ஆறரை மடங்கு. எடை முதலாவதில் சுமார் 2.1 கிலோ, இரண்டாவதில் சுமார் 3 கிலோ.

5.6-6.3 என்று இரண்டு எஃப் எண் இருப்பதன் பொருள்: 200 மி.மீ.யில் எஃப் 5.6 வரை திறக்கும், 600க்குப் போகும்போது எஃப் 6.3க்கு மேல் திறக்காது. கேமராவோடு வரும் கிட் லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருப்பதும் இதே கணக்குதான். ஜூமை எங்கே வைத்தாலும் எஃப் எண் மாறாது என்றால் ஒரே எண் இருக்கும், 24-70 எஃப் 2.8 போல. அதற்கும் கூடுதல் விலை உண்டு.

ஊசுட்டேரியில் பறவை எடுக்கப் போகிறவர் இரண்டில் எதை வாங்க வேண்டும்? காலை ஏழு மணிக்கு மேல் ஏரியில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, எஃப் 6.3 தாராளமாகப் போதும், ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, கொஞ்சம் ஏற்றினால் முடிந்தது. எஃப் 4 தேவைப்படுபவர்கள் விடியலுக்கு முந்தைய அரை இருளில் வேலை செய்பவர்கள், மின்விளக்கில் விளையாட்டு எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புபவர்கள். அவர்களுக்கு அந்த ஒன்றேகால் ஸ்டாப் சம்பாத்தியம்.

நடுவில் வரும் லென்ஸ்கள்

சமீப வருடங்களில் எனக்கு அதிக மகிழ்ச்சி தரும் அறிவிப்புகள் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் வருபவை இல்லை, நடுவில் வருபவை. கேனான் 2024ல் ஆர்.எஃப். 28-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை 1,099 டாலருக்கு அறிவித்தது. அதே எஃப் 2.8ல் அவர்களுடைய 24-70 எல் லென்ஸ் 2019ல் வந்தபோது 2,299 டாலர். எடை 495 கிராமும் 900 கிராமும். மழை, தூசிப் பாதுகாப்பு இரண்டிலும் உண்டு. பெரிதாக விட்டுக்கொடுத்தது அகலப் பக்கத்தில் 4 மி.மீ.

4 மி.மீ. சின்ன எண்ணாகத் தெரியும். 24ல் 84 டிகிரி, 28ல் 75 டிகிரி. வீட்டு ஹாலில் நடக்கும் நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று சின்ன அறைகளில் அதிகம் எடுப்பவருக்கு அந்த 9 டிகிரி என்பது படத்துக்குள் வரும் இன்னும் இரண்டு உறவினர்கள். பெரிய மண்டபங்களில் மட்டும் வேலை செய்பவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஒரே லென்ஸ் ஒருவருக்குப் பாதி விலையில் கிடைத்த வரம், இன்னொருவருக்குத் தலைவலி.

2025 நவம்பரில் கேனான் அறிவித்த ஆர்.எஃப். 45 மி.மீ. எஃப் 1.2 எஸ்.டி.எம். இன்னும் சுவாரசியமானது. அமெரிக்க அறிமுக விலை 500 டாலருக்கும் குறைவு, எடை சுமார் 350 கிராம். எஃப் 1.2 என்றால் 2,000 டாலர் என்று இருந்த நிலையில் இது எப்படி முடிந்தது? மேலே சொன்ன பிழைகளை முழுதாகத் திருத்தாமல், ஒரு பங்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். முழுதாகத் திறந்தால் கூர்மை கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஓரங்களில் நிறம் பிரியும். ஒளி மட்டும் முழு எஃப் 1.2 ஒளிதான். முகங்களை எடுப்பவர்களில் பலர் அந்த மென்மையைக் குறையாகவே நினைக்க மாட்டார்கள். எஃப் எண் துளையின் அளவைத்தான் சொல்லும். அந்தத் துளையில் படம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பது திருத்தத்தின் வேலை. விலை இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

பெயரின் வாலில் வரும் எழுத்துகள்

ஐ.எஸ்., வி.ஆர்., ஓ.எஸ்.எஸ். மூன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் பெயர்கள், பொருள் ஒன்றே. கை நடுங்கும்போது உள்ளே ஒரு கண்ணாடிக் கூட்டம் எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தை நிலையாக வைக்கும். பேச்சில் ஸ்டெபிலைசேஷன். இதன் திறனை ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். 4 ஸ்டாப் என்றால் 16 மடங்கு நேரம் திறந்து வைக்கலாம். கையில் பிடித்து 1/50 நொடியில் எடுக்க முடிந்தவர் ஏறக்குறைய 1/3 நொடியிலும் எடுக்கலாம். ஆனால் இது திருத்துவது உங்கள் கை அசைவை மட்டும். சிதம்பரம் நாட்டியாஞ்சலி மேடையில் ஆடுபவரின் கை 1/3 நொடியில் புகையாகத்தான் வரும். ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்க வேண்டுமானால் வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு ஒளி வேண்டும், அதற்குப் பெரிய துளை வேண்டும். "ஸ்டெபிலைசேஷன் இருக்கு, எஃப் எண் முக்கியமில்லை" என்று யாராவது சொன்னால், எடுப்பது கோபுரமா ஆட்டமா என்று திருப்பிக் கேளுங்கள்.

எஸ்.டி.எம்., யு.எஸ்.எம்., வி.சி.எம். எல்லாம் ஃபோகஸ் மோட்டாரின் வகை. வீடியோ எடுப்பவர்கள் ஃபோகஸ் மாறும்போது சத்தம் வருகிறதா, முகம் விட்டு முகம் மெதுவாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெதர் சீலிங் என்பது கடலோரத்தில் வாழும் நமக்கு மற்றவர்களைவிட முக்கியம். லென்ஸ் கேமராவில் மாட்டும் இடத்திலும், வளையங்கள் சுழலும் இடங்களிலும் ரப்பர் பட்டை வைத்து ஈரமும் தூசியும் நுழையாமல் அடைப்பது அது. தண்ணீருக்குள் முக்கலாம் என்று பொருள் கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஒரு மணி நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்திருக்கும், சாய்த்துப் பார்த்தால் தெரியும். மாசி மகத் தீர்த்தவாரியை வைத்திக்குப்பத்தில் அலை ஓரம் நின்று எடுப்பவர்களுக்கு இந்த ரப்பர் பட்டை காசுக்கு மதிப்புள்ளது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லென்ஸுக்குள் வரும் பூஞ்சையை இது தடுக்காது. பூஞ்சை வளர்வது பையிலும் பீரோவிலும் தேங்கும் ஈரக் காற்றில். மூடி இறுக்கமான ஒரு டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி, இவை போதும். மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நல்லது.

சென்சார் சிறிதானால்

நம் பக்கத்தில் புதிதாகத் தொடங்குபவர்களில் பலரிடம் இருப்பது ஏ.பி.எஸ்-சி கேமரா, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார். அது லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சோனி, நிகான், ஃபுஜி கேமராக்களில் 1.5ஆல், கேனானில் 1.6ஆல் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் அது எந்த மி.மீ.க்குச் சமமான அகலம் என்று தெரியும். 50 மி.மீ. கேனான் ஏ.பி.எஸ்-சியில் 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். லென்ஸ் மாறவில்லை, காட்சி குறுகியிருக்கிறது. முகம் எடுக்க அது அருமை. சின்ன ஹாலில் குடும்பப் படம் எடுக்க முடியாது.

டாலர் விலையும் கடை விலையும்

அறிவிப்பில் வரும் டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, "கடைக்காரர் இவ்வளவு ஏற்றி விற்கிறார்" என்று கோபப்படுவது வழக்கம். அமெரிக்காவில் சொல்லும் விலையில் அங்குள்ள மாநில விற்பனை வரி சேராது. இங்கே பெட்டியில் அச்சிடும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. அதில் இறக்குமதிச் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் அடங்கும். அதனால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. கடைகளில் எம்.ஆர்.பி.யைவிடக் குறைத்தே பெரும்பாலும் விற்கிறார்கள், கேட்டால் கிடைக்கும்.

முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மலிவு என்ற எண்ணம் கடலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. வாட் வரி இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது, அங்கே பல பொருள்களுக்கு வரி குறைவு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் லென்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒரே விகிதம். இன்று விலை வித்தியாசம் தெரிந்தால் அது கடையின் லாபக் கணக்கு, அல்லது இந்திய வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கு. பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பல ஆயிரம் மிச்சம் என்று வாரண்டி இல்லாமல் எடுத்து, ஃபோகஸ் மோட்டார் போனபின் சர்வீஸுக்கு அலைவது பெரிய வேதனை.

விலையைத் தீர்மானிக்கும் இன்னொன்று போட்டி. லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் தொடங்கிப் பல நிறுவனங்களின் லென்ஸ்கள் அதற்குக் கிடைக்கின்றன, விலையும் இறங்குகிறது. கேனான் ஆர்.எஃப். மவுண்டுக்கு 2024ல்தான் சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அறிவித்தன, அவையும் ஏ.பி.எஸ்-சிக்கானவை. முதல் கேமரா வாங்குபவர், கேமராவின் விலையோடு அந்த மவுண்டுக்கு என்னென்ன லென்ஸ் என்ன விலையில் கிடைக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். கேமராவை மாற்றலாம், நாலு லென்ஸ் சேர்ந்தபின் மவுண்டை மாற்றுவது பெரும் செலவு.

முன்பணம் கட்டும் முன்

உங்கள் பழைய படங்களிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு படக் கோப்பிலும் எந்த மி.மீ., எந்த எஃப் எண் என்று பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எஃப் 2.8ஐச் சுற்றியே இருந்து, ஐ.எஸ்.ஓ. 6400க்கு மேலேயே ஓடியிருந்தால், பெரிய துளை லென்ஸுக்கு உங்களிடம் உண்மையான வேலை இருக்கிறது. முதலில் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், எடையும் கைக்குப் பழகுகிறதா என்று தெரிந்துவிடும். எஃப் 4, 5.6லேயே, ஃப்ளாஷ் போட்டே எடுத்திருந்தால், இருக்கும் லென்ஸே போதும். அந்தப் பணத்தில் இன்னொரு ஃப்ளாஷும் ஒரு ஸ்டாண்டும் வாங்கினால் படத்தில் வித்தியாசம் அடுத்த கல்யாணத்திலேயே தெரியும்.